தம்பிக்கு டெங்கு இல்லை

என் தம்பிக்கு டெங்கு வரவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் எங்கள் தெருவிலும், பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டிலும், சர்ச்சில் எங்களுக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர்களிடமும் அவனுக்கு டெங்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் தேவராஜ் மாமா, அம்மாவின் அண்ணன். தலையாட்டியவர்கள் என்னைப் பெற்றவர்கள். கொசு கடித்து வரும் நோய்க்கு யாரும் வெட்கப்படுவதில்லை. கொசு யாரை வேண்டுமானாலும் கடிக்கும், அதனால் குடும்ப மானத்துக்கு ஒரு குறையும் வராது.

சாமுவேலுக்கு வந்தது மனநோய். கஞ்சா புகைத்ததில் வந்தது. அப்போது அவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான், ஒரு மாத்திரை மட்டும் இன்னும் சாப்பிடுகிறான். இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றபோது, "எழுது. ஆனா என்ன பாவம்னு மட்டும் எழுதாத, எனக்குப் புடிக்காது" என்றான். பாவம் என்று எழுத எனக்கும் மனமில்லை. எனக்கு வருவது கோபம்தான்.

டெங்குக்கு முன்பே ஊர் அவனைப் பற்றி ஒரு பொய் சொல்லி வைத்திருந்தது. பையன் ரொம்ப சுறுசுறுப்பு என்ற பொய். சின்ன வயதிலிருந்தே சாமுவுக்கு நினைப்பதும் செய்வதும் ஒன்றாகவே நடக்கும். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான், அது பாதி நேரம் வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும். வரிசையில் நிற்க மாட்டான். புது சைக்கிளை வழியில் போன ஒருவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக அவனிடமே ஓட்டக் கொடுத்துவிட்டு நடந்து வந்தான். ஒரு மழைக்காலத்தில் கமண்டல நதியில் தண்ணீர் புரண்டு ஓடும்போது, எவனோ குதிக்க முடியுமா என்று கேட்டதற்குப் பாலத்திலிருந்து குதித்தான். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். டீக்கடைக்காரர் அவனுக்கு போண்டா கொடுத்தார். "பையன் ஃபயர்மா" என்று வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதே பாலத்துச் சுவரில் நானும் ஒரு நாள் ஏறி நின்றேன். எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்தம், ஒரே அவசரம். எனக்கு போண்டா கிடைக்கவில்லை, விளக்குமாற்றால் காலில் அடிதான் கிடைத்தது. அடித்தால் திருந்தும் என்று சொல்ல வரவில்லை, அது இன்னொரு பொய். ஒரே குணத்துக்குப் பெண்ணென்றால் அடங்காதவள், ஆணென்றால் ஃபயர் என்று பேர் வைத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். அடித்ததிலும் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை, தட்டிக்கொடுத்ததிலும் இல்லை. இந்தக் குழந்தைக்கு நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாலத்துக்கு அடியில்தான் அதுவும் ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவில் பைக் வைத்திருந்த ஒரு அண்ணன் பொட்டலம் கொண்டு வருவான். சிகரெட்டைவிட நல்லது, இது மூலிகை என்பான். "ஒருத்தன் நீட்டுனான், கை போயிடுச்சு. யோசிக்கவே இல்லக்கா" என்று பிற்பாடு சாமு என்னிடம் சொன்னான். அன்றைக்கு அவனோடு இருந்த பையன்களில் ஒருவன் இருமிவிட்டு எழுந்து போய்விட்டான். இன்னொருவன் எப்போதாவது பிடித்தான். சாமு மட்டும் சில வாரங்களிலேயே தினமும் அங்கே போக ஆரம்பித்தான். மற்ற இரண்டு பேரும் இப்போது காலேஜ் போகிறார்கள்.

இதில் எனக்கு அடிவயிறு எரிவது எதற்கென்றால், அந்த அண்ணன் யார், எந்நேரம் வருவான், எங்கே நிற்பான் என்பது தெருவுக்கே தெரியும். ஐஸ் வண்டி வரும் நேரம் மாதிரி எல்லாருக்கும் தெரியும். தங்கள் பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் போதுமென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கினு போயிடுங்கமா, மத்த பசங்களும் கெட்டுடுவாங்க" என்றார்கள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று அந்த அறையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை அங்கேயே இருக்க வைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் தூங்குவதை நிறுத்தினான். சாப்பிடும்போது இடது கையால் காதைப் பொத்திக்கொள்வான். எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது கேட்பதே இல்லை. அவனுக்கு மட்டும் கேட்க ஆரம்பித்தது. "எதிர்வீட்டுத் தறி என் பேரச் சொல்லிகினே கீதுமா. நம்ம தறி அதுக்குப் பதில் சொல்லுது" என்றான். "பரீட்சைக்குப் பயந்துகினு கத உடறான்" என்றாள் அம்மா.

எங்கள் தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது என் கல்யாணப் புடவை. எங்கள் சர்ச் வழக்கப்படி பெண் வெள்ளைப்பட்டு கட்ட வேண்டும். ஜக்கார்டு தறிக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் வேலை, அதனால் என் புடவையின் கரையை நானே கம்ப்யூட்டரில் வரைந்தேன். அப்பா நெய்துகொண்டிருந்தார். ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட எழுந்த நேரத்தில் சாமு கத்தரியை எடுத்து, தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் அறுத்துவிட்டான். ஓடி ஒளியவில்லை. நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள் இறங்கி, காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இனிமே பேசாது" என்றான்.

நெய்கிறவர்கள் வீட்டில் பாதியில் இருக்கும் புடவையில் கத்தரி படக்கூடாது. நெய்து முடித்து, ஜெபம் பண்ணி, பிறகுதான் தறியிலிருந்து அறுப்பார்கள். அதுவும் கல்யாணப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். செய்தி கேட்டுத் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் தறியைச் சுற்றி நின்றார்கள். தொட்டுப் பார்த்தார்கள், உச் கொட்டினார்கள். ஒரு அத்தை அழுதாள். பையன் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறான், அவன் தலைக்கு மேலே நின்றுகொண்டு நூலைப் பார்த்து அழுகிறார்கள்.

அவனைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு, அப்பா அறுந்த இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தார். உதவிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து கைதேர்ந்த இரண்டு பேர் வந்தார்கள். அன்று முழுக்கவும் மறுநாளும் ஒவ்வொரு இழையாகத் தேடி, முறுக்கி, சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் சாமு சுவரோடு பேசிக்கொண்டிருந்தான். அம்மா அவர்களுக்கும் டீ கொடுத்தாள், அவனுக்கும் டீ கொடுத்தாள். நான் போய் அப்பாவிடம் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்றேன். "இத உட்டா சிக்காயிடும், முடிச்சிட்டுப் பாக்கலாம்" என்றார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அறுந்தால் உடனே பிணைக்க வேண்டும் என்று ஐம்பது வயது வரை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது பட்டு நூலைப் பற்றி மட்டும்தான்.

உபவாச ஜெபம் வைக்கலாம் என்று தேவராஜ் மாமா எங்கள் சர்ச் ஆயரை அழைத்து வந்தார். ஆயர் தறியைப் பார்க்கவில்லை. நேரே பின்னறைக்குப் போய் சாமுவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். வெளியே வந்தவர் முகம் சிவந்திருந்தது.

"பொடவ கடையிலகூட வாங்கலாம். பையன யாருனா பாத்தீங்களா? ஜெபத்த நான் பண்றேன். நீங்க ஜல்தி வண்டியப் புடிங்க" என்றார்.

அந்த மனிதருக்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன்.

வேலூரில் மனநல டாக்டர்கள் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் போட்டு உட்கார வைத்தார்கள். கூடத்தில் பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவருக்குத்தான் நோய், ஆனால் கூட வந்த எல்லாரும் முக்காடு போட்ட மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, "இன்னா கேஸ்மா?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்வதற்குள் அவளே சாமுவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "கஞ்சாவா?" என்றாள். அந்தச் சொல்லில் போலீஸ் ஸ்டேஷன் வாசனை அடித்தது. சாமு அப்போது கூரையில் சுற்றும் மின்விசிறியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையை அப்பா விடவே இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்தார்கள், கஞ்சா உடம்பில் இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். தலையை ஸ்கேன் பண்ணினார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் அப்பா உயிர் வந்தவர் மாதிரி நிமிர்ந்தார். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கட்டியோ அடியோ ரத்தக் கசிவோ இல்லை என்பது மட்டும்தான் அந்த ஸ்கேனுக்கு அர்த்தம், அவனுக்கு இருக்கும் நோய் ஸ்கேனில் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார்.

சைக்கோசிஸ் என்றார். எது நிஜம், எது மனது கட்டிச் சொல்வது என்று பிரித்துப் பார்க்கும் திறமை கைவிட்டுப் போவதுதான் அது. இல்லாத குரல் கேட்கும், யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று உறுதியாகத் தோன்றும். கஞ்சாவே இதைக் கொண்டு வரலாம், அல்லது உள்ளே அடங்கிக் கிடந்த ஒன்றை அது கிளப்பிவிடலாம். எது என்று இப்போது சொல்ல முடியாது, சில மாதம் கூடவே இருந்து பார்க்க வேண்டும். மறுபடி கஞ்சாவைத் தொட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம், அப்படி வந்தால் நீங்காமலே தங்கிவிடவும் கூடும்.

"சின்னதுல இருந்தே அவசரக்காரனா?" என்று கேட்டார்.

"ரொம்ப சுறுசுறுப்புங்க" என்றாள் அம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. இம்பல்சிவிட்டி என்று அதற்குப் பெயர் சொன்னார். தோன்றுவதற்கும் செய்வதற்கும் நடுவே எல்லாருக்கும் ஒரு இடைவெளி இருக்கும், சிலருக்கு அது ரொம்பக் குறுகல். அது கெட்ட குணம் இல்லை, நோயும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகள் நீட்டியதைச் சீக்கிரம் வாங்கிவிடுவார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம். இந்த வயதில் மூளைக்குள் பிரேக் பகுதி இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது, கஞ்சா போய் அந்த இடத்திலேயே கை வைக்கிறது என்றார்.

"பழயபடி வந்துடுவானுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"பழயபடி மட்டும் வந்தா பத்தாதுங்க. பழயபடியிலயும் ஒரு சிக்கல் இருந்துச்சு இல்ல? மாத்திரையில குரல் நின்னுடும். நிறுத்தி யோசிக்கிறத நாங்க உக்காந்து பேசிப் பேசித்தான் பழக்கணும். அதுக்கு நாள் ஆவும். பாதியில கூட்டிகினு போயிடாதீங்க."

வார்டில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்க வேண்டும். நான் தங்கினேன். உள்ளே போகும்போது அவன் பெல்ட்டையும் என் ஊக்கையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதல் நாட்களில் அவன் தூங்கித் தூங்கி விழுந்தான், வாயிலிருந்து எச்சில் வழிந்தது. ஒரு நாள் மாத்திரையின் பக்கவிளைவாகக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நாக்கும் முறுக்கிக்கொண்டது. செத்துப் போகிறான் என்றே நினைத்து அலறினேன். நர்ஸ் ஒரு ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. இப்படி வரலாம், வந்தால் பயப்படாமல் கூப்பிடு என்று எனக்கு முன்னாலேயே சொல்லித்தான் இருந்தார்கள். சொன்னதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றா? இரவுகளில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்து, அவன் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. என் தம்பி இனி எனக்குக் கிடைக்கவே மாட்டானோ என்று பயந்தேன்.

அம்மா தினமும் ஆரணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். அவனுக்கு இட்லியும் எனக்கு இட்லிப் பொடி தடவிய இட்லியும் தனித்தனி டப்பாவில் இருக்கும், அந்த அமளியிலும் என் ருசியை அவள் மறக்கவில்லை. பில் கட்ட அப்பா எங்கே போனார், யாரைக் கேட்டார் என்று எங்களிடம் சொல்லவே இல்லை. அவர் செய்த இன்னொன்றைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்குத் திரும்பினால் தறிச் சத்தம் இருக்குமே, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பா வீட்டுக்குப் போய் போனில் தறிச் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்தார். அவர் இருமுவது, அம்மா எங்கிருந்தோ "சக்கர வாங்கணும்" என்று கத்துவது எல்லாம் அதில் இருந்தது. டாக்டர் முன்னால் வைத்து ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் போட்டார்கள். முதல் நாள் சாமு நடுங்கினான். அப்புறம் நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் முழுசாகக் கேட்டுவிட்டு, "தறிதான் ஓடுது. அப்பாவுக்குச் சளி புடிச்சிருக்கு" என்றான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. தேவராஜ் மாமா வந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டில் எனக்கு நிச்சயம். பெண்ணின் கூடப்பிறந்தவன் இல்லாமல் நிச்சயம் நடந்தால் ஆயிரம் கேள்வி வருமாம்.

"குரலு கிரலு ஒண்ணும் கேக்கல இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு இங்க? சனிக்கிழம டிஸ்சார்ஜ் பண்ணிடு. சட்ட போட்டு உக்கார வச்சிட்டு, டெங்குன்னு ஏற்கெனவே சொல்லி வச்சிக்கீறேன், அதான் வாடிப் போயிட்டான்னு சொல்லிடலாம்" என்றார்.

"டாக்டர் பாதியில கூட்டிகினு போவக்கூடாதுன்னு சொன்னாங்க மாமா."

"டாக்டருக்கு இன்னாம்மா, உன்ன கட்டிக் குடுக்கப் போறது நாங்கதான."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "பொண்ணு வாழ்க்கையும் பாக்கணும் இல்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார். என் வாழ்க்கை என்று பெயர் சொல்லி என் தம்பியின் வாழ்க்கையைப் பாதியில் அறுக்கப் பார்க்கிறார்கள். சாமு கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பொட்டலம் விற்றவன் ஊரில் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். கை தட்டியவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒளிக்கப்பட வேண்டியவன் இவன் மட்டும்.

மறுநாள் மத்தியானம் என் போன் அடித்தது. மாப்பிள்ளை ஸ்டீபன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து பேசினார். தம்பிக்கு டெங்கு என்றதால் அவர் அம்மா பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தனுப்பியிருக்கிறாள், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டார். நல்ல மனிதர், இல்லையென்று சொல்ல மாட்டேன். வெயிலில் பஸ் ஏறி ஒரு பாட்டில் சாறோடு வந்திருக்கிறார்.

அம்மாவை சாமுவோடு உட்கார வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனேன். போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். டெங்கு என்ற பொய் நிற்கும்வரை அவனை வெளியே இழுக்க ஒரு காரணம் இருக்கும். பொய் போய்விட்டால் அவனை மேடையில் உட்கார வைத்துக் காட்ட வேண்டிய அவசியமும் போய்விடும். என் கல்யாணம் போகலாம். போனால் போகட்டும் என்று வீரமாகத் தோன்றவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஒரு ஜூஸ் கடை ஓரத்தில் நின்று சொன்னேன். கஞ்சா, குரல், புடவை, வார்டு எல்லாம் சொன்னேன். அவர் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்.

"இத இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இப்ப எப்படி இருக்கிறான் என்பது இரண்டாவதாகக்கூட வரவில்லை.

அன்று சாயந்திரமே மாமா கொதித்துக்கொண்டு வந்தார். அவர் போட்ட சத்தத்தில் நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். அதற்கடுத்த நாள் கொஞ்சம் தணிந்து, சேத்துப்பட்டிலிருந்து பதிலோடு வந்தார். நிச்சயத்தைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமாம். பையன் நல்லபடியாக வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டுமாம். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. கல்யாணத்தன்னிக்கு சாமு சர்ச் பக்கம் வரக்கூடாது. வெளியூர்ல படிக்கிறான்னு சொல்லிக்கலாம். அப்பறமும் போக்குவரத்து ரொம்ப வேணாம்னாங்க. எவ்ளோ பெரிய மனசு பாத்தியா?" என்றார் மாமா. அம்மா கை கூப்பினாள். அப்பாவின் தோள் இறங்கியது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற நிம்மதி அவருக்கு.

கட்டிலிலிருந்து சாமு சொன்னான். "நான் வர்லக்கா. நீ கட்டிகினு போ. என்னால உனுக்கு பேஜார் வேணாம்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. ஆற்றில் குதித்த பையன், உன்னை உன் அக்கா கல்யாணத்தில் காட்ட முடியாது என்று சொன்னதற்குச் சரி என்கிறான். ஒளிக்க வேண்டியவன் தான்தான் என்று அவனையே நம்ப வைத்துவிட்டார்கள். அப்போது வந்த மாதிரி கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. வராந்தாவில் கொஞ்ச நேரம் நடந்தேன். பிறகு ஸ்டீபனுக்குப் போன் போட்டேன்.

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எனுக்கு ஒண்ணும் இல்லீங்க எஸ்தர். பெரியவங்க சொல்றாங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போனா..."

"என் தம்பி முன்னாடி நிக்காம நான் மோதிரம் போட்டுக்க மாட்டேங்க."

"அம்மாவ கேட்டுட்டு சொல்றேன்."

"நான் கேக்கலீங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

நிச்சயம் நின்றுவிட்டது. மாமா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். விஷயம் டாக்டர் காதுக்கும் போயிருக்கிறது. "உங்க தம்பிக்கு நான் பாடம் எடுத்துகினு கீறேன், நீங்க அவசரப்பட்டுட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க டாக்டர். நல்லா யோசிச்சிட்டுத்தான் கோவப்பட்டேன்" என்றேன். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாமு ஆஸ்பத்திரியில் இருந்தான். பிறகு வாரா வாரம், பிறகு மாதா மாதம் போய் வந்தோம். மறுபடி தொடவில்லையா என்று கேட்பீர்கள். வந்த புதிதில் ஒரு தடவை பாலம் வரைக்கும் போய், அங்கே நின்று எனக்குப் போன் பண்ணினான். நான் போய்க் கூட்டி வந்தேன். சண்டை போடவில்லை, பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதி பாஸானான்.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. நோயிலிருந்து பிழைத்தவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கையைக் கவரில் போட்டு, எதற்காக என்று மேலே எழுதிக் கொடுப்பார்கள். ஆராதனையில் சபைச் செயலர் அதைச் சத்தமாக வாசிப்பார். பித்தப்பையில் கல் எடுத்தவர், விபத்தில் கால் பிழைத்தவர், சுகப்பிரசவம் ஆனவள் என்று எத்தனையோ கேட்டிருக்கிறேன். மனது சரியானதற்காக ஒரு கவர் அங்கே வாசித்து நான் கேட்டதில்லை. அப்படியென்றால் எங்கள் சபையில் யாருக்கும் மனநோயே வந்ததில்லை என்று அர்த்தமா? பாஸான மறு ஞாயிறு சாமு தன் கையாலேயே கவரில் மனநோய் என்றே எழுதினான். அம்மா அதைப் படித்துவிட்டு அழுதாள். "அவன் இஷ்டம்" என்றார் அப்பா.

செயலர் தேவராஜ் மாமாவின் சிநேகிதர். அவர் கவரைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார், கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டார். "சகோதரன் சாமுவேல், சுகவீனத்திலிருந்து சுகம் பெற்றதற்காக" என்று வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்திருக்கப் போனேன். சாமுவின் கை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது. அவன் கால் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் எனக்குத் தெரியும், அடுத்த நொடி பாய்ந்துவிடுவான். பாயவில்லை. என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, நான் எழுந்து ஒண்ணு சொல்லட்டுமா?"

எதையும் செய்வதற்கு முன் அவன் யாரையாவது கேட்டது, எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "சொல்லுடா" என்றேன். அதற்குப் பிறகும் அவன் உடனே எழவில்லை. செயலர் மற்ற கவர்களையெல்லாம் வாசித்து முடிக்கும் வரை காத்திருந்தான். பிறகு எழுந்து நின்றான். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஐயா, என் கவர்ல எழுதினதுல பாதிதான் படிச்சீங்க" என்றான். "மீதிய நானே படிக்கட்டுங்களா?"